பாசிக்குளத்தில் ஒரு பச்சைப் பொய்!

மூன்றாம் குளத்தின் சக்கரம் நின்று போயிருந்தது.

க்ரீச்... க்ரீச்... என்று முனகியது. துடுப்புகள் ஓர் அங்குலம் முன்னே போயின. ஓர் அங்குலம் பின்னே வந்தன.

எதுவோ சிக்கியிருக்கிறது!

காலை ஏழரை மணி ஷிஃப்டுக்கு வந்த அவள், சத்தம் கேட்டு நின்றாள். அவளுக்கு வேலை உர மூட்டை தைப்பது. சக்கரத்தைக் கவனிப்பது அவள் புருஷனின் வேலை. நான்கு குளங்களும் அவர் பொறுப்பு. அந்தத் தொழிற்சாலை முழுக்க அவரைப் 'பாசிக்காரர்' என்றுதான் கூப்பிடும்.

"எங்க போய்த் தொலைஞ்சாரு இந்த மனுஷன்?"

முணுமுணுத்தபடி குனிந்தாள். பச்சைத் தண்ணீருக்குள் கையை விட்டாள். துணி தட்டுப்பட்டது. இழுத்தாள்.

சட்டை.

சட்டைக்குள் ஆள்!

முகம் திரும்பியது. பாதி திறந்த கண்கள் அவளையே பார்த்தன...

அவள் போட்ட அலறலில் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன.

~

"வழுக்கி விழுந்துட்டார் மேடம். வெரி சேட். நல்ல மனுஷன்."

மேனேஜர் கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா குளத்தை எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது. கறுத்த, நெடிய உருவம். இருபத்தைந்து வருட சர்வீஸில் அவர் கோபப்படாத நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். அதுவும் லீவு நாட்கள்!

"தண்ணி எவ்வளவு ஆழம்?"

"அது வந்து மேடம்... டெக்னிக்கலா..."

"ஒரு அடிம்மா!" தரையில் உட்கார்ந்திருந்த மனைவி கத்தினாள். அழுகை எப்போதோ வற்றிவிட்டது. இப்போது அங்கே இருந்தது நெருப்பு. "ஒரே ஒரு அடி! வெயில் அடிவரைக்கும் போகணும்னு அவ்வளவுதான் தண்ணி நிறுத்துவாங்க. அதுல மூழ்கிச் செத்துட்டாராம்! யார் காதுல பூ சுத்தறாங்க இவங்க?"

"ஏட்டு!"

"அம்மா!" சல்யூட்டுக்கு முன்னால் தொப்பை வந்தது. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்த ஏட்டு.

"உங்களால ஒரு அடித் தண்ணியில மூழ்க முடியுமா?"

"நான் குப்புறப் படுத்தாலும் தொப்பை தரை தட்டி நிக்கும்மா. மூக்கு மேலதான் இருக்கும்."

"மயக்கம் வந்து விழுந்திருக்கலாம்..." மேனேஜர் இழுத்தார்.

"இருக்கலாம். நீங்க தள்ளி விட்டிருக்கலாம். நான் கொஞ்சம் உங்களை அறையலாம். எவ்வளவோ நடக்கலாம் சார்! வாயை மூடிட்டு நில்லுங்க."

மேனேஜர் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார்.

இன்ஸ்பெக்டரம்மா பிணத்தின் அருகே மண்டியிட்டார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார். மோதிர விரலில் ஒரு வளையம். கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது.

"இது என்ன மோதிரம் தங்கச்சி?"

"வெள்ளிம்மா. நேத்து சாயங்காலம் நான்தான் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தேன். பளபளன்னு இருந்துச்சு!" அவள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ... இது ஏன் இப்படி ஆச்சு?"

இன்ஸ்பெக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது.

அப்போது போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னம்மா, விபத்துதானே? எழுதி முடிச்சுடு. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் ப்ளான்ட்டைப் பார்க்கப் பெரிய குழு வருது. பன்னிரண்டு ஊர்ல இதே மாதிரி கட்டப் போறாங்க. அசிங்கம் பண்ணிடாதே."

"சார்... ஹலோ... சார்... சிக்னல் இல்ல சார்..."

கட் செய்தார்.

"நாலு கோடு சிக்னல் இருக்கேம்மா!" என்றார் ஏட்டு.

"எனக்கு இல்ல."

~

பிணவறை டாக்டர் பன்னிரண்டு மணிக்குப் போன் செய்தார்.

"நுரையீரல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லம்மா. குளத்துக்குள்ள போகும்போது மூச்சு எப்பவோ நின்னுடுச்சு."

"அப்புறம் எப்படிச் செத்தார்?"

"கேஸ்! அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அந்த விஷவாயு. வெள்ளியைக் கறுப்பாக்கறதும் அதுதான். கொஞ்சமா இருந்தா நாத்தம் தெரியும். நிறைய இருந்தா மூக்கே மரத்துடும். ரெண்டு மூச்சு. முடிஞ்சது. இன்னொண்ணு... ரெண்டு அக்குள்லயும் பட்டை பட்டையாத் தடம். யாரோ பெல்ட் கட்டித் தூக்கியிருக்காங்க."

இன்ஸ்பெக்டரம்மா போனை வைத்தார். பல்லைக் கடித்தார்.

எங்கேயோ செத்தவரைத் தூக்கி வந்து குளத்தில் போட்டிருக்கிறார்கள்!

"தங்கச்சி, இங்க விஷவாயு எங்க இருக்கும்?"

மனைவி எழுந்து நின்றாள். கை நீட்டிக் காட்டினாள்.

"அதோ, அந்தப் பெரிய டாங்க்ல சாணி, காய்கறிக் கழிவு, ஓட்டல் எச்சில் எல்லாத்தையும் கொட்டுவாங்க. அது உள்ளேயே அழுகி கேஸ் வரும். கேஸைக் குழாய்ல பிடிச்சு விப்பாங்க. மிச்சம் கறுப்பா ஒரு கழிவுத்தண்ணி வரும். அது முதல்ல அந்தக் குழிக்கு வரும். அங்கதாம்மா வாயு தேங்கும். அப்புறம் நல்ல தண்ணி கலந்து குளத்துக்கு விடுவாங்க. அதுல இருக்கற உப்புச் சத்தையெல்லாம் பாசி தின்னுடும். தண்ணி சுத்தமாயிடும். தின்னு கொழுத்த பாசியை வழிச்சுக் காய வெச்சா உரம். அதைத்தான் நான் மூட்டை தைக்கறேன்."

"நல்ல ஏற்பாடுதானே?"

"நல்ல ஏற்பாடுதான். ஆனா ரெண்டு மாசமா எனக்குத் தைக்க மூட்டையே வரலைம்மா! கேட்டா, 'சும்மா உக்காரு, சம்பளம் வருதில்ல'ன்னாங்க. எங்க தெரு வாய்க்கால் கரையில இருக்கு. ரெண்டு மாசமா வாய்க்கால் கறுப்பா ஓடுது. மீனெல்லாம் வயிறு மேல காட்டி மிதக்குது. பிள்ளைங்களுக்குக் காலெல்லாம் புண்ணு!"

அப்போது ஏட்டு குழாயடியிலிருந்து வந்தார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

மணிக்கட்டு வரை பச்சை!

"பிணத்தைத் தூக்கினப்ப பட்டதும்மா. மூணு தடவை சோப்புப் போட்டுட்டேன். போக மாட்டேங்குது. வீட்டுக்காரி பார்த்தா கிளி வளர்க்கறியான்னு கேப்பா."

"பாசி கையில ஒட்டாது!"

குரல் பின்னாலிருந்து வந்தது.

வெள்ளைக் கோட்டு. நரைத்துக் கொண்டிருக்கும் குட்டை முடி. சிவந்து வீங்கிய கண்கள். தொழிற்சாலையின் விஞ்ஞானி. பாசியை வைத்துக் கழிவுத்தண்ணீரைச் சுத்தம் செய்யும் திட்டமே அவருடையதுதான்.

"ஒன்பது மணிக்கு வந்து இறங்கினதுமே சேதி சொன்னாங்க இன்ஸ்பெக்டர். இன்னும் நம்ப முடியல. எனக்கு வலது கை அவர்." குரல் உடைந்தது. பிறகு சீறியது. "அந்த மேனேஜரை விடாதீங்க! குளத்துல பாசியே இல்ல. அது சாயம்!"

"என்னது?"

"சாயம்! துணிக்குப் போடற பச்சைச் சாயம்! அளவுக்கு மீறிக் குப்பையை வாங்கிக் கொட்டினான். கழிவுத்தண்ணி ரெண்டு மடங்காச்சு. அதோட காரம் தாங்காம என் பாசி மொத்தமும் ஒரே வாரத்துல செத்துடுச்சு. நிறுத்துடான்னேன். கேக்கல. குளத்துல வெறும் தண்ணியை ரொப்பிச் சாயத்தைக் கலந்துட்டான். கழிவுத்தண்ணியைத் திருட்டுக் குழாய் வழியா நேரா வாய்க்கால்ல விடறான். வெளிய சொன்னா திட்டத்தையே மூடிடுவேன்னு மிரட்டினான். பாசிக்காரர் இன்னைக்கு அதைக் குழு முன்னால சொல்லப் போறதா இருந்தார். அதுக்குள்ள..."

இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் ரத்தமாகச் சிவந்தது.

"ஏட்டு! மேனேஜரைக் கூட்டிட்டு வாங்க. அப்படியே ஒரு கண்ணாடி டம்ளரும்."

~

வாய்க்காலில் மொண்ட தண்ணீர் மேஜை மேல் இருந்தது. டிகாக்ஷன் நிறம். சாக்கடை நாற்றம்.

"உங்க ஆபீஸ் வாசல்ல போர்டு பார்த்தேன் சார். 'இங்கிருந்து வெளியேறும் நீர் கண்ணாடி போன்றது'. நல்லா எழுதியிருக்கீங்க. குடிங்க!"

"மேடம்... இது..."

"குடிய்யா! ஊர்ப் பிள்ளைங்க கால் நனைக்கற தண்ணி. உனக்கு மட்டும் கசக்குமா?"

மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார். சுவர் தடுத்தது.

"மேலிடத்துல பேசிட்டுத்தான்..."

"மேலிடத்துக்கும் ஒரு டம்ளர் எடுத்து வெச்சிருக்கேன்! முதல்ல திருட்டுக் குழாயோட வால்வை மூடு."

"மூடினா டாங்க் நிரம்பி வழியும் மேடம்!"

"லாரியில அள்ளு. அண்டாவுல அள்ளு. உன் கைக்குட்டையில அள்ளு! வாய்க்காலுக்கு இனி ஒரு சொட்டு போச்சு... உன்னை அதுலயே முக்கி எடுப்பேன்." டம்ளரை நகர்த்தி விட்டு எதிரே உட்கார்ந்தார். "இப்ப சொல்லு. பாசிக்காரரைக் குழிக்குள்ள தள்ளிக் கொன்னது நீதானே?"

"கொலையா?"

மேனேஜர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"ஐயோ, சத்தியமா இல்ல மேடம்! சாயம் கலந்தது நான். குழாய் போட்டது நான். பிணத்தைத் தூக்கினதும் நான்தான். ஆனா கொல்லல!"

"விவரமா."

"ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்தேன். குழி மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தா... உள்ள பாசிக்காரர். இடுப்புல, தோள்ல பெல்ட். பெல்ட்ல கயிறு. கயிறு மேல சங்கிலிப் புல்லியில மாட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். உயிர் இல்ல. குழியில செத்தார்னு தெரிஞ்சா சாயங்காலம் குழு வராது. ப்ளான்ட்டை இழுத்து மூடிடுவாங்க. அதான் தள்ளுவண்டியில வெச்சுக் குளத்துல..."

"போட்டே! குப்பையைக் கொட்டற மாதிரி! அவர் பொண்டாட்டி வந்து கையை விட்டு எடுக்கட்டும்னு!"

அறையே அதிர்ந்தது. வெளியே நின்ற ஏட்டு தானாக அட்டென்ஷனுக்கு வந்தார்.

"தப்புதான் மேடம்... தப்புதான்... ஆனா இதைப் பாருங்க!"

மேனேஜர் காலுறையைக் கீழே தள்ளினார். நான்காக மடித்த மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்தார்.

"குழி பக்கத்துல கிளிப்ல இருந்தது. பர்மிட். இது இல்லாம யாரும் குழிக்குள்ள இறங்கக் கூடாது. மூஞ்சிக்குக் காத்து முகமூடி இல்லாம ஆளை இறக்கினதுக்கு இதுவே சாட்சியாயிடும்னு எடுத்து ஒளிச்சேன்."

இன்ஸ்பெக்டரம்மா பிரித்தார்.

இறங்கும் நேரம்: 6.20.

வாயு அளவு: பூஜ்யம்.

ஏறிய நேரம்: வெறுமை.

வாயுவைச் சோதித்தவர்... கையெழுத்து.

குழிக்கு மேலே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்பவர்... அதே கையெழுத்து!

"யார் கையெழுத்து இது?"

மேனேஜர் லேப் பக்கம் கை காட்டினார்.

"சயின்டிஸ்ட் மேடத்தோடது."

~

ஒன்பது மணிக்குத்தான் வந்ததாகச் சொன்னவர்!

விஞ்ஞானி அசரவில்லை. பர்மிட்டை ஒரு முறை பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"பொய் சொன்னேன் இன்ஸ்பெக்டர். பர்மிட்டும் கிளிப்ல இல்ல. பயம். குழி அடியில வடிகட்டி அடைச்சிருந்தது. அவர் இறங்கினார். நான் மேல நின்னேன். அஞ்சு நிமிஷத்துல ஏறி வந்துட்டார். நான் லேபுக்குப் போயிட்டேன். மறுபடி தனியா இறங்கியிருக்கணும். அவசரக்காரர்."

"ஏறிய நேரம் எழுதல?"

"மறந்துட்டேன். மனுஷிதானே."

"வாயு பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க."

"பூஜ்யம்தான் இருந்தது." மேஜை டிராயரைத் திறந்து, சோப்புக்கட்டி அளவில் ஒரு மஞ்சள் கருவியை எடுத்து நீட்டினார். "வாயு மீட்டர். இதுல எல்லாம் பதிவாகும். அழிக்க முடியாது. நீங்களே பாருங்க."

ஏட்டு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆறு பதினெட்டு... பூஜ்யம்தாம்மா!"

விஞ்ஞானி மெல்லச் சிரித்தார். சோகமாக.

"என் மேல சந்தேகப்படற நேரத்துல அந்த மேனேஜரைப் பிடிச்சு உள்ள போடுங்க."

இன்ஸ்பெக்டரம்மா மீட்டரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். கதவை அறைந்து சாத்தினார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

குழியைச் சோதிக்கத் தீயணைப்பு வண்டி வந்திருந்தது. அதன் ஆபீசர் குழி ஓரத்தில் நின்றிருந்தார்.

"சார், இந்த மீட்டர் பூஜ்யம்னு சொல்லுது. ஆனா ஆள் செத்திருக்கார். எப்படி?"

ஆபீசர் மீட்டரை வாங்கிக் குழியின் வாய்க்கு நேரே பிடித்தார். பூஜ்யம்.

பிறகு அதை ஒரு கயிற்றில் கட்டினார். மெதுவாக உள்ளே இறக்கினார். மூன்றடி... ஆறடி... பத்தடி...

வீல்ல்ல்!

மீட்டர் அலறியது! மேலே இழுத்துப் பார்த்தால் பதிவில் எண்ணே இல்லை. அளவு தாண்டிவிட்டது என்ற குறி மட்டும்.

"இந்த வாயு காத்தை விடக் கனம்மா. பள்ளத்துல போய்ப் படுத்துக்கும். வாய்ல பிடிச்சா பூஜ்யம். கயித்துல கட்டி அடி வரைக்கும் விட்டுப் பார்க்கணும். முதல் நாள் பாடமே இதுதான். தெரியாதவங்க மீட்டரைத் தொடவே கூடாது."

"விஞ்ஞானிக்குத் தெரியுமா?"

"என்னம்மா கேள்வி இது? பாதுகாப்பு ட்ரில்லுக்கு நான் வந்தப்பல்லாம், இங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததே அந்த மேடம்தானே!"

இன்ஸ்பெக்டரம்மா மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏன்? வலது கை என்று சொன்னாரே. அந்தக் கையை ஏன் வெட்டினார்?

உர மூட்டை கொட்டகையில் அந்த மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். காலி சாக்குகளை வெறித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? ஒண்ணு விடாம சொல்லு."

"கோபமா போகலைம்மா. சிரிச்சுக்கிட்டுத்தான் போனாரு. 'மேடத்துகிட்ட ஒரு சந்தோஷ சேதி சொல்லப் போறேன். கேட்டா குதிப்பாங்க'ன்னாரு."

"என்ன சேதி?"

"பாசியெல்லாம் செத்ததும் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிட்டாரு. நேரம் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. வாய்க்கால்ல, திருட்டுக் குழாய்க்கு மேல்பக்கம், கல்லுல ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டி எடுத்துட்டு வந்து எங்க மாடியில பக்கெட்ல வளர்த்தாரு. இங்கிருந்து கழிவுத்தண்ணி கொண்டு வந்து தினம் ஒரு கரண்டி கூட்டிக் கூட்டி ஊத்திப் பழக்கினாரு. அது செழிச்சு வந்துடுச்சு! லேப் மைக்ராஸ்கோப்புல பார்த்தாராம். மேடம் முதல்ல கொடுத்த பாசி உருண்டை உருண்டையா இருக்கும். இது நாலு நாலா ஒட்டிக்கிட்டு, ஓரத்துல முள்ளு வெச்ச மாதிரி இருந்துச்சாம். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தாரு. மூணு வருஷமா குளத்துல பார்த்துப் பார்த்து அவரு வரைஞ்சு வெச்சது அத்தனையும் முள்ளு வெச்சதுதான்!"

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"அப்படின்னா... மேடத்தோட பாசி?"

"அது முதல் மாசமே செத்துடுச்சும்மா! மூணு வருஷமா தண்ணியைச் சுத்தம் பண்ணினது எங்க வாய்க்கால் பாசி. தானா வந்து குடியேறிக்கிச்சு. 'காசு கொடுத்து வாங்க வேணாம், ஊருக்கு ஊர் அங்கங்க கிடைக்கற பாசியே போதும். இதைச் சொன்னா மேடம் எவ்வளவு சந்தோஷப்படுவாங்க'ன்னு..."

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஏட்டு! இவங்களோட வீட்டுக்குப் போங்க. பக்கெட், நோட்டு ரெண்டும் வேணும். ஓடுங்க!"

"ஓடறதா? ஜீப்புல போறேம்மா, அதுதான் சீக்கிரம்."

~

மணி மூன்றரை.

குழி ஓரத்தில் விஞ்ஞானியைக் கொண்டு வந்து நிறுத்தினார் இன்ஸ்பெக்டரம்மா. பக்கத்தில் சங்கிலிப் புல்லி தொங்கியது. கீழே ஒரு பெல்ட் கிடந்தது.

"கடைசியா ஒரு சின்ன வேலை மேடம். உங்க மேல எந்தச் சந்தேகமும் இல்லைன்னு எழுதிடறேன். அதுக்கு முன்னாடி..." மீட்டரைக் குழியின் வாயில் பிடித்தார். "பாருங்க. என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"காலையில மாதிரியே. இல்லையா?"

"ஆமா."

"ரொம்ப நல்லது. பெல்ட்டைக் கட்டிக்கோங்க. கீழ இறங்கி அந்த வடிகட்டியை எடுத்துட்டு வாங்க. நான் மேல நின்னு கயித்தைப் பார்த்துக்கறேன்."

விஞ்ஞானி குழியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"விளையாடறீங்களா?"

"பூஜ்யம்தானே? பயம் என்ன? இறங்குங்க!"

"முடியாது."

"ஏன்?"

"ரெண்டு மூச்சுல..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் வாய் தவறிவிட்டது!

"ரெண்டு மூச்சுல? சொல்லுங்க. ரெண்டு மூச்சுல என்ன ஆகும்?" இன்ஸ்பெக்டரம்மா ஓரடி முன்னே வந்தார். குரல் தாழ்ந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. "அடியில சாவு படுத்துக் கிடக்குன்னு உங்களுக்குத் தெரியும். மீட்டரை மேல பிடிச்சுப் பூஜ்யம்னு பதிவு பண்ணினீங்க. அதையே கையெழுத்தாவும் போட்டீங்க. அவர் உங்களை நம்பி இறங்கினார். கயிறு உங்க கையில. ஒரு இழுப்பு இழுத்திருந்தா பிழைச்சிருப்பார். இழுக்கல!"

"நீங்க கதை சொல்றீங்க..."

"ஏட்டு!"

ஏட்டு வந்தார். ஒரு கையில் பழைய நோட்டு. மறு கையில் பக்கெட். அவருக்குப் பின்னால் அந்த மனைவி.

பக்கெட்டில் தண்ணீர் இலைப் பச்சையாக மினுங்கியது. ஓரங்களில் பொடிப் பொடியாகக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. உயிருள்ள பச்சை!

விஞ்ஞானி அதைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்குள் எதுவோ உடைந்தது.

"சாக்கடைப் பாசி!" வெடித்தார். "பதினேழு வருஷம் இன்ஸ்பெக்டர்! பதினேழு வருஷம் ராப்பகலா உழைச்சு நான் உருவாக்கின பாசி. என் பேரையே அதுக்கு வெச்சாங்க. பன்னிரண்டு ஊருக்கு அது போகப் போகுது. ஆறாங்கிளாஸ் தாண்டாத ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கிட்டு வந்து, 'மேடம், உங்க பாசி அன்னைக்கே செத்துடுச்சு, இது வாய்க்கால்ல கிடக்கறது'ங்கறான். சாயங்காலம் குழு முன்னால நானே சொல்லணுமாம்! நான் சந்தோஷப்படுவேன்னு நினைச்சான் அந்த முட்டாள்!"

"நீங்க படிச்சவங்க. சந்தோஷப்படுவீங்கன்னு நானும்தான் நினைச்சேன்."

சொன்னது அந்த மனைவி. கத்தவில்லை. அழவில்லை.

அடுத்த விநாடி அவள் கை உயர்ந்தது.

பளார்!

வெள்ளைக் கோட்டு சுருண்டு உட்கார்ந்தது.

"இன்ஸ்பெக்டர்! பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே!" விஞ்ஞானி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"எங்க? என்ன? ஏட்டு, நீங்க எதையாவது பார்த்தீங்களா?"

"கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டேன்மா."

விலங்கு 'க்ளிக்' என்றது.

மனைவி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள். நான்காம் குளத்தின் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். திரும்பினாள்.

"அம்மா! இந்தச் சாயத்தையெல்லாம் லாரியில ஏத்தி எடுக்கச் சொல்லுங்க. குளத்தைத் தேய்ச்சுக் கழுவணும். நல்ல தண்ணி நிரப்பணும். அப்புறம்தான் இதை ஊத்துவேன். அவரு எப்படி வளர்த்தாருன்னு எனக்குத் தெரியும். வேற எவனும் கை வைக்கக் கூடாது!"

"எவன் வைப்பான்? நான் ஒரு கான்ஸ்டபிளை இங்கயே நிறுத்தறேன்."

அப்போது வாசலில் ஹாரன் சத்தம். நாலு மணி. சொன்ன நேரத்துக்குக் குழு வந்துவிட்டது!

வெள்ளைப் பஸ்ஸிலிருந்து கோட்டும் சூட்டுமாக இருபது பேர் இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் குறிப்பேடு. எதிரே ஒரு போலீஸ் ஜீப். அதன் பின் சீட்டில் ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் வெள்ளைக் கோட்டு, நடுவே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

குழுத்தலைவருக்கு எதுவும் விளங்கவில்லை. காக்கிச் சட்டையில் இருந்தவர்தான் இங்கே பொறுப்பாளர் போலிருக்கிறது என்று நினைத்து, பேனாவைத் திறந்துகொண்டு ஏட்டிடம் வந்தார்.

"வணக்கம். இந்த ப்ளான்ட்ல சேர்ற கழிவையெல்லாம் நீங்க எப்படி அப்புறப்படுத்தறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்."

ஏட்டு ஜீப்பின் பின்கதவை ஓங்கிச் சாத்தினார்.

"இப்படித்தாங்க!"